பரணில் கிடந்த தொட்டில்



ஒரு வழியாகக் குன்னூரில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கிறது. மலையில் குடியிருப்பவர்களுக்கு வெயில் வந்தால் முதல் வேலை எதையாவது காயப் போடுவதுதான். மெத்தை, கம்பளி, விறகு, மிளகாய், கடைசியில் நாமும்!

சென்ற இதழில் கம்பளி உடைகளைப் பூச்சி அரிக்காமல் வைப்பது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு சகோதரி, "கம்பளி கிடக்கட்டும். எங்கள் வீட்டுப் பரணில் மாமியார் காலத்து மேஜையும் பெட்டியும் கிடக்கின்றன. பாலிஷ் போடக் கடையில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். நாமே செய்ய முடியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நானே செய்திருக்கிறேன். ஆனால் எதில் நாம் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று ஒன்று இருக்கிறது. அதை ஒரு தொட்டில் விஷயத்தில் பட்டுத் தெரிந்து கொண்டேன். என் தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். உங்களில் ஒருத்தியாவது அதைச் செய்யாமல் இருந்தால் போதும்.

நீலகிரியில் பழைய மரச்சாமான் இல்லாத வீடு குறைவு. 1947-க்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார்கள் ஒவ்வொருவராக எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பினார்கள். அலமாரியையும் மேஜையையும் கப்பலில் கொண்டு போக முடியுமா? ஏலத்தில் போனது போக மிச்சம் பட்லருக்கும் ஆயாவுக்கும் தோட்டக்காரருக்கும் வந்தது. என் மாமனாரின் அப்பா ஒரு எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். அப்படித்தான் கால் நீட்டிப் படுக்கிற நீளக் கை வைத்த பிரம்பு நாற்காலி ஒன்றும், ஈட்டி மரத்தில் சின்ன மேஜை ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வந்தன.

பழைய மரத்தைத் தூக்கி எறியாமல் திரும்பப் பயன்படுத்துவது இந்த மலைக்குப் புதிதல்ல. ஊட்டியில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போனால் மேலே அண்ணாந்து பாருங்கள். 1830-ல் கட்டி முடித்த கோயில் அது. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்த மரங்கள். வைரம் பாய்ந்த மரம் ஒரு கட்டடம் போனாலும் இன்னொரு கட்டடத்தில் நிற்கும்.

அதனால் சகோதரிகளே, பரணில் கிடப்பதைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிடும் முன் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள்.

முதலில் ஈட்டி மேஜையை எப்படிச் சரி செய்தேன் என்று சொல்கிறேன். இது யாரும் செய்யக் கூடியது.

மேஜையின் மேல் வருஷக்கணக்கான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்புக் கலந்து, துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து துடைத்தேன். துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். மரத்துக்கு வேண்டாத விருந்தாளி தண்ணீர்.

அடுத்து, மேலே பூசியிருப்பது என்ன என்று தெரிய வேண்டும். மேஜைக்கு அடியில், கண்ணில் படாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று கரைந்து பஞ்சில் ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். கரையவில்லை என்றால் வார்னிஷ். பழைய பங்களாச் சாமான்களில் பெரும்பாலும் அரக்குதான் இருக்கும். அரக்கு என்றால் மரக்கிளையில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கிற பிசின். ஜார்க்கண்ட் பக்கம் ஏராளமாக எடுக்கிறார்கள். அதைச் சுத்தம் செய்து அவல் மாதிரி மெல்லிய தகடாக்கினால் அவலரக்கு. கடையில் ஷெல்லாக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள்.

அரக்குப் பாலிஷில் ஒரு சௌகரியம், பழையதைச் சுரண்ட வேண்டிய அவசியமில்லை. புது அரக்கு பழைய அரக்கோடு கலந்து பிடித்துக் கொள்ளும். அரை லிட்டர் ஸ்பிரிட்டில் 75 கிராம் அவலரக்கைப் போட்டு இரவு முழுதும் மூடி வைத்தேன். காலையில் வடிகட்டி, பழைய வேட்டித் துணியில் பஞ்சை வைத்துப் பொட்டலமாகக் கட்டி, அதில் தொட்டு மரத்தின் ரேகை போகிற திசையிலேயே இழுத்தேன். ஒரு பூச்சு காய்ந்த பிறகு அடுத்தது. நடுவில் 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தடவல். இப்படி ஆறு பூச்சு. ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்போ விளக்கோ எரிகிற அறையில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

முக்கியமாக, மழை நாளில் பாலிஷ் போடாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் அரக்கு வெண்மேகம் படர்ந்த மாதிரி பூத்துவிடும். எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையெல்லாம் ஓய்ந்து, தை, மாசி வெயிலில்தான் இந்த வேலை ஒப்பேறும். அப்படிப் பூத்துப் போனாலும் பயமில்லை. ஸ்பிரிட் தொட்டு நன்றாகப் பிழிந்த துணியால், வெயில் நாளில், மேலோட்டமாக ஒரு இழுப்பு இழுத்தால் பெரும்பாலும் போய்விடும். சூடான காப்பி டம்ளர் வைத்த வெள்ளை வளையத்துக்கும் இதே வைத்தியந்தான்.

மேஜை அவ்வளவு அழகாக வந்தது. என் கணவர் அதில் காப்பி டம்ளரை வைக்கவே பயந்தார் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள். எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். அந்தத் தலைக்கனத்தோடுதான் தொட்டிலில் கை வைத்தேன்.

என் அத்தை, அதாவது மாமியார், பதினேழு வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர். இப்போது எழுபத்தெட்டு. முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, மாமனாரின் அப்பா எஸ்டேட் தச்சரிடம் சொல்லி, மிச்சமான தேக்குச் சட்டங்களில் ஒரு தொட்டில் செய்து கொடுத்தார். இரண்டு பக்கமும் கடைசல் பிடித்த குச்சிகள், தலைமாட்டில் ஒரு பலகை, கீழே ஆடுகிற வில் கால். அந்த வீட்டில் அத்தைக்கென்று செய்த ஒரே சாமான் அதுதான். ஆறு பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். நடுவில் பச்சைப் பெயிண்ட் அடித்தார்கள், பிறகு நீலம். என் மகள் பிறந்தபோது அதன் மேலேயே வெள்ளைக்கு நெருக்கமான சந்தன நிறத்தில் நான் ஒரு பூச்சு அடித்தேன். அதற்கப்புறம் அது பரணுக்குப் போனது. சில வருஷம் அதில் உருளைக்கிழங்கு கொட்டி வைத்திருந்தோம்!

போன வருஷம் தை மாதம். மேட்டுப்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு வளைகாப்பு முடித்து அழைத்து வரப் போகிறோம். அத்தை ஒரே பிடியாக, "அந்தத் தொட்டிலை இறக்கிச் சுத்தம் பண்ணு கண்ணு. கொள்ளுப்பேரன் அதுலதான் படுக்கணும்" என்றார். எனக்கும் ஆசைதான்.

தொட்டிலை இறக்கி வராந்தாவில் வைத்துத் துடைத்தேன். மேல் சட்டத்தில் சின்னச் சின்னப் பள்ளங்கள். என் மகளின் பல் தடம்! எட்டு மாதக் குழந்தையாக எழுந்து நின்று, பல் முளைக்கிற அரிப்பில் அந்தச் சட்டத்தைக் கடித்துக் கொண்டே இருப்பாள். அதைத் தடவிப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த இடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நினைத்துக் கொண்டேன்.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக் கொண்டு, 80-ஆம் நம்பர் முரட்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். வெள்ளை போய் நீலம், நீலம் போய் பச்சை. இரண்டு மணி நேரத்தில் வராந்தாத் தரை, ஜன்னல் விளிம்பு, என் தலை, கை எல்லாம் பச்சை மாவு. மறுநாள் காலை மகள் வரப் போகிறாள்.

அப்போதுதான் பிரம்பு நாற்காலியைப் பார்க்க வரச் சொல்லியிருந்த பாலிஷ் மேஸ்திரி வந்தார். எழுபது வயதுக்காரர், இந்த மலையில் பாதி பங்களாவுக்குப் பாலிஷ் போட்டவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மிணி, நிறுத்துங்க! நிறுத்துங்க! பழைய பச்சையை இப்படி உலர உரசுவாங்களா?"

"ஏனுங்கய்யா? பெயிண்ட் போகணுமே?"

"போகட்டும். உங்க மூக்குக்குள்ள போகலாமா? அந்தக் காலத்துப் பெயிண்டுல காரீயம் இருக்கும். வீட்டுல வாயும் வயிறுமா இருக்கிற புள்ள வருதுன்னீங்க. இந்தத் தூசு ஆகாது."

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. மாலையில் மகளுக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் போனில் கேட்டேன். அவர் சொன்னதையும், பிறகு நான் கேட்டும் படித்தும் தெரிந்து கொண்டதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் முக்கியமான பகுதி இதுதான்.

பளிச்சென்ற நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் பழைய எண்ணெய்ப் பெயிண்டுகளில் காரீயம் சேர்த்தார்கள். வெள்ளை, மஞ்சள், மஞ்சளும் நீலமும் கலந்து செய்கிற பச்சை, இவற்றில் அதிகம். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 2017-லிருந்து நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன் அடித்த பெயிண்ட் எதுவானாலும், ஈயம் இருக்கலாம் என்று நினைத்துக் கொண்டு நடப்பதுதான் புத்திசாலித்தனம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சோதனைச்சாலையில் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். "நாங்கள் ஈயச் சொம்பில்தானே ரசம் வைக்கிறோம்?" என்று கேட்பீர்கள். ரசத்துக்கான சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். நான் சொல்வது காரீயம். பெயரில் மட்டும் ஒற்றுமை.

காரீயம் கொஞ்சமாகச் சேரும்போது பெரும்பாலும் வெளியே அறிகுறி எதுவும் இருக்காது. ஆகையால் நமக்குத் தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்ந்து எலும்பில் தங்கிவிடும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து ரத்தத்தில் கலந்து வயிற்றுக் குழந்தைக்குப் போகும். சாப்பிடுவதோடு உள்ளே போகிற ஈயத்தைப் பெரியவர்கள் உடம்பை விடச் சின்னக் குழந்தைகள் உடம்பு நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக் கொள்கிறதாம். குழந்தையின் மூளை வளர்ச்சியையும், படிப்பில் கவனத்தையும் அது பாதிக்கும். ரத்த சோகையும் வரும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக் கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார்: "குழந்தைங்க பெயிண்டைச் சாப்பிடணும்னு இல்லம்மா. தரையில தூசு இருந்தா போதும். தவழ்ந்துட்டு அந்தக் கையை வாயில வைக்கும்."

நான் போனை வைத்துவிட்டு அந்தப் பல் தடத்தைப் போய்ப் பார்த்தேன். காலையில் அழகாகத் தெரிந்தது, இப்போது வேறு மாதிரி தெரிந்தது. அந்தச் சட்டத்துக்கு வெள்ளை அடித்தவளே நான்தானே! பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கவில்லை, ஆசையாகத்தான் அடித்தேன். என் மகள் நன்றாகத்தான் இருக்கிறாள், நன்றாகத்தான் படித்தாள். ஆனாலும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நிற்க. தூசு பரவிய வராந்தாவை என்ன செய்தோம் என்று சொல்கிறேன். விளக்குமாறு எடுக்கப் போனேன். மேஸ்திரி தடுத்துவிட்டார். பெருக்கினால் தூசு வீடு முழுக்கப் பறக்கும். வீட்டுக்குள் போகிற கதவைச் சாத்தினோம். நனைத்த செய்தித்தாளைத் தரையில் பரப்பி, தூசு ஒட்டியதும் சுருட்டி எடுத்தோம். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரை, சுவர், ஜன்னல் விளிம்பு எல்லாம் துடைத்து, புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை துடைத்தோம். துணியையும் தாளையும் அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டினோம். நான் தலைக்குக் குளித்து, கட்டியிருந்த புடவையைத் தனியாகத் துவைத்தேன். வராந்தாவை ஒட்டியிருந்த கொத்தமல்லிப் பாத்தியைக் கூடக் கலைத்துவிட்டேன். மகளை நான்கு நாள் கழித்து வரச் சொல்லிவிட்டோம். இன்னொரு தடவை எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்த பிறகே வீட்டுக்குள் கூட்டி வந்தேன்.

"ஒரு நாள் தூசுக்காகப் பயந்து நடுங்க வேண்டாம், திரும்பச் செய்யாதீங்க" என்றார் டாக்டரம்மா. இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்புதான் ஈயத்தை அதிகம் இழுத்துக் கொள்ளுமாம். கேழ்வரகு, கீரை, பால் என்று மகளுக்குக் கொடுக்கச் சொன்னார். ஏற்கெனவே கொடுத்துக் கொண்டுதான் இருந்தோம். இது மருந்தல்ல, ஒரு காப்பு, அவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சோதனை இருக்கிறது, டாக்டரிடம் கேளுங்கள்.

இனித்தான் கஷ்டமான பகுதி. தொட்டிலில் குழந்தையைப் போடப் போவதில்லை என்று அத்தையிடம் சொல்ல வேண்டும்.

"என் ஆறு புள்ளைங்களும் இதுலதான் வளந்தாங்க. உன் புருசனும் இதுலதான் வளந்தான். எவனுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. "வேண்டாம்னா விறகுக்கு உடைச்சுப் போடு" என்று எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

என் மகள் வந்துதான் அந்தப் பேச்சை எடுத்தாள். அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, உங்க காலத்துல யாருக்கும் தெரியாது. தெரியாம செஞ்சது தப்பே இல்லை. தெரிஞ்ச பிறகு நான் செஞ்சா அது யார் தப்பு?" என்று கேட்டாள். அத்தை பதில் பேசவில்லை. ஆனால் அன்றிரவு ரசம் சோறு சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "உடைக்க வேண்டாம். அந்த மேஸ்திரிகிட்டயே குடு. தலைமாட்டுப் பலகைல கிளி இருக்கும், பாத்துப் பண்ணச் சொல்லு" என்றார்.

கிளியா? எங்கள் யாருக்கும் அப்படி ஒரு கிளி தெரியாது. பலகை மொழுமொழுவென்று வெறுமையாகத்தான் இருந்தது. வயசானவர் எதையோ நினைத்துக் கொண்டு சொல்கிறார் என்று விட்டுவிட்டோம்.

மேஸ்திரி தொட்டிலைத் தார்ப்பாயில் சுற்றித் தன் பட்டறைக்கு எடுத்துப் போனார். வீட்டிலிருந்து தள்ளி, குழந்தைகள் வராத இடம். அவர் உப்புத்தாளைத் தொடவே இல்லை. நெருப்பு காட்டிப் பெயிண்டை உரிக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் ஈயம் புகையாகக் கிளம்பும். முகமூடியும் கையுறையும் போட்டுக் கொண்டு, திறந்த வெளியில் வைத்து, பெயிண்ட் கரைக்கிற மருந்தைத் தடவி, பெயிண்ட் கொப்பளித்த பிறகு தகட்டால் ஈரமாகவே வழித்தார். கடைசல் வளையங்களுக்குள் மூங்கில் குச்சியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும். வழித்ததை ஓடையில் கொட்டாமல் டப்பாவில் சேர்த்து மூடி வைத்தார். அந்த மருந்தின் வாடையும் லேசுப்பட்டதல்ல, கர்ப்பிணிகளும் மூச்சு இரைப்புக்காரர்களும் அந்தப் பக்கமே போகக் கூடாது. எனவே சகோதரிகளே, பழைய பெயிண்ட் அடித்த சாமானை மட்டும் தெரிந்த ஆளிடம் கொடுங்கள். கூலியை நினைத்துத் தயங்காதீர்கள்.

பத்து நாள் கழித்து மேஸ்திரி ஆள் அனுப்பினார். நானும் என் கணவரும் போனோம். தேக்கு தேன் நிறத்தில் தெரிந்தது. தலைமாட்டுப் பலகையில், மூன்று பூச்சுப் பெயிண்ட் ரொப்பி மூடியிருந்த மெல்லிய செதுக்கலில், எதிரெதிராக இரண்டு கிளிகள்!

அத்தையிடம் சொன்னபோது, "நான்தான் சொன்னேனில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தொட்டிலுக்கு அரக்குப் பூச்சுத்தான் கொடுத்தோம். நன்றாகக் காய்ந்த அரக்கு வாயில் பட்டால் கெடுதல் இல்லை. மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் கூட அதைத்தான் மேலே பூசுகிறார்கள். ஆனாலும் குழந்தையை அதில் தூங்க வைக்கவில்லை. அதற்கு இரண்டு காரணம். கடைசல் வளையங்களுக்குள் பழைய பச்சை நூலிழை போல இன்னும் தங்கியிருக்கிறது, அதை முழுதாக எடுக்க முடியாது என்று மேஸ்திரி நேர்மையாகச் சொல்லிவிட்டார். இன்னொன்று, குச்சிகளுக்கு நடுவே நான் அளந்து பார்த்தேன், 9 செ.மீ. இருந்தது. குழந்தைக் கட்டிலில் இந்த இடைவெளி சுமார் 6 செ.மீ-க்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் 1970-களிலேயே இதற்குச் சட்டம் போட்டார்கள். இடைவெளி அதிகமானால் குழந்தையின் உடம்பு வழுக்கி வெளியே போய்த் தலை மாட்டிக் கொள்ளும். உங்கள் வீட்டிலும் பழைய தொட்டிலோ கட்டிலோ இருந்தால் பெயிண்டைப் பார்ப்பதோடு அளவுகோலையும் வைத்துப் பாருங்கள்.

பங்குனியில் பேத்தி பிறந்தாள். பெயர் வைத்த அன்று அத்தை தன் பழைய வெள்ளைப் புடவையைத் துவைத்து நாலாக மடித்துத் தொட்டிலில் விரித்தார். குழந்தையை வாங்கி அதில் கிடத்தி, ஒரு கை குழந்தையின் மேலும் ஒரு கை கிளியின் மேலுமாக, ஒரு தாலாட்டு முடியும் மட்டும் ஆட்டினார். பிறகு அவரே குழந்தையைத் தூக்கி என் மகளிடம் கொடுத்து, "போதும் கண்ணு, எடுத்துட்டுப் போ" என்றார்.

இப்போது தொட்டில் அத்தையின் அறையில் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மடித்த போர்வைகளை அதில் அடுக்கி வைக்கிறார். பேத்தி மேட்டுப்பாளையத்திலிருந்து வந்தால் அந்த அறைக் கதவைச் சாத்தி வைக்கிறவரும் அவர்தான். மேல் சட்டத்தில் பல் தடம் அப்படியே இருக்கிறது. அரக்குப் பூசியும் மறையவில்லை.

கடைசியாக, பழைய மரச்சாமான் வைத்திருப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

பாலிஷ் போட்ட சாமானா, பெயிண்ட் அடித்த சாமானா என்று முதலில் பாருங்கள். பாலிஷ் என்றால் நீங்களே செய்யலாம். பழைய பெயிண்ட் என்றால் உரசாதீர்கள், சுரண்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். உதிராமல் நன்றாக இருக்கும் பெயிண்ட், குழந்தை கைபடாத சாமானில் இருந்தால், அப்படியே விட்டுவிடுவது கூட ஒரு வழி.

பெயிண்ட் அடித்த பழைய ஜன்னல், கதவு, கட்டில் கால் எதையும் விறகாக எரிக்காதீர்கள். எங்கள் மலையில் குளிருக்குக் கணப்பு மூட்டும்போதும் வெந்நீர் போடும்போதும் இது சகஜம். புகையிலும் ஈயம், சாம்பலிலும் ஈயம். அந்தச் சாம்பலில் பாத்திரம் தேய்ப்பதும் செடிக்குப் போடுவதும் கூடாது.

மழைக் காலத்தில் மேஜை இழுப்பறை இறுகிக் கொண்டால் இழைப்புளி போட்டுச் சீவாதீர்கள். மரம் ஈரத்தில் ஊதியிருக்கிறது. வெயில் வந்ததும் சுருங்கும், அப்போது இழுப்பறை லொடலொடவென்று ஆடும். காய்ந்த நாளில் ஓரங்களில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும்.

மரத்தில் துளைகள் இருந்தால், கீழே ஒரு கறுப்புத் தாளை விரித்து ஒரு வாரம் பாருங்கள். புதிதாக மாவு கொட்டியிருந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது, மற்ற சாமான்களிலிருந்து பிரித்து வைத்து வைத்தியம் பாருங்கள். மாவு இல்லையென்றால் அது பெரும்பாலும் பழைய கதை.

பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். இரண்டு நாள் மின்னும், மூன்றாம் நாள் தூசு அப்பும். ஆளிவிதை எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பிரம்பு நாற்காலியைப் பற்றிச் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த இதழில், அறுந்த பிரம்பை ஊற வைத்துப் பின்னுவதை மேஸ்திரியிடம் கேட்டு எழுதுகிறேன்.

அதற்குள் வெயில் இருக்கும்போதே பரணை ஒரு தடவை எட்டிப் பாருங்கள், சகோதரிகளே. உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒரு கிளி ஒளிந்து கொண்டிருக்கலாம். உப்புத்தாளை மட்டும் உடனே கையில் எடுக்காதீர்கள்!